இருப்பவரை ஏன் எழுப்ப வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இது: "எங்கள் நண்பர் ஒருவர் அமெரிக்காவில் காங்கிரஸ் தேர்தலுக்கான பிரைமரியில் நின்று தோற்றுவிட்டார். நல்ல படிப்பு, நல்ல பேச்சு, கை சுத்தம். ஒபாமாவும் முதலில் தோற்றவர்தானே என்று எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள். ஒபாமா எப்படித் தோற்றார்? அதிலிருந்து உண்மையில் என்ன கற்றுக்கொள்ளலாம்?"

சிகாகோ பக்கம் நான் குடிவந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. சில பிரச்சாரங்களில் தன்னார்வலராக வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன், அவற்றில் தோற்றவையும் உண்டு. ஒபாமாவின் அந்தத் தோல்வி இந்த ஊர் அரசியல்காரர்கள் இன்றும் பேசிப் பேசித் தீராத கதை. அதை ஆறுதலாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது உங்கள் நண்பருக்குச் செய்யும் உதவி ஆகாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப்பக்கம் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே காங்கிரஸ் என்பது கட்சி அல்ல, நாடாளுமன்றம். அதன் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தேர்தல். பெரும்பாலான தொகுதிகள் ஏதோ ஒரு கட்சியின் கோட்டை. அங்கே நவம்பரில் நடப்பது சம்பிரதாயம்தான். உண்மையான போட்டி, அதற்கு முன்னால் கட்சிக்குள்ளேயே யார் வேட்பாளர் என்று வாக்காளர்கள் தீர்மானிக்கிற பிரைமரியில் முடிந்துவிடும். சிட்டிங் எம்.பி. மறுபடி நின்றால் பத்தில் ஒன்பதுக்கும் மேலான இடங்களில் அவரே ஜெயிக்கிறார். உங்கள் நண்பர் போய் முட்டிக்கொண்டது இந்தச் சுவரில். 2000இல் ஒபாமா முட்டிக்கொண்டதும் இதே சுவரில்தான்.

இல்லினாய்ஸ் மாநிலத்தின் முதலாவது தொகுதி சிகாகோவின் தெற்குப் பகுதி. சவுத் சைட் என்பார்கள். சாதாரணத் தொகுதி அல்ல. 1928இல் ஆஸ்கர் டி பிரீஸ்ட் இங்கிருந்துதான் தேர்ந்தெடுக்கப்பட்டார். வட மாநிலங்களிலிருந்து காங்கிரசுக்குப் போன முதல் கறுப்பினத்தவர் அவர். அன்றிலிருந்து இந்த இடம் கறுப்பினத்தவர் கையை விட்டுப் போனதில்லை. பின்னாளில் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரான ஹரால்ட் வாஷிங்டனும் இதே தொகுதியின் எம்.பி.யாக இருந்தவர்தான். அந்த மக்களுக்கு அது வெறும் நாற்காலி அல்ல. தாத்தா காலத்திலிருந்து காப்பாற்றி வைத்திருக்கும் சொத்து மாதிரி.

அதில் 1993 முதல் உட்கார்ந்திருந்தவர் பாபி ரஷ். ஜார்ஜியாவில் பிறந்து சிறு வயதில் சிகாகோவுக்கு வந்தவர். அறுபதுகளில் கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியின் இல்லினாய்ஸ் கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1969 டிசம்பர் 4 அதிகாலையில் போலீஸ் வீடு புகுந்து அந்தக் கிளையின் தலைவர் பிரெட் ஹாம்ப்டனைச் சுட்டுக் கொன்றதே, அந்த ஹாம்ப்டனின் தோழர். மறுநாள் ரஷின் வீட்டுக்கும் போலீஸ் போனது. அவர் அங்கே இல்லாததால் தப்பினார். அப்புறம் மாநகராட்சி வார்டு உறுப்பினராகப் பத்து வருடம், அதற்குப் பிறகு காங்கிரஸ். சவுத் சைட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் பாபி ரஷைப் பற்றி ஒரு சொந்தக் கதை வைத்திருப்பார்கள்.

எதிரே ஒபாமா. வயது 38. மாநில செனட்டர், அதாவது மாநிலச் சட்டமன்றத்தின் மேலவை உறுப்பினர். ஹார்வர்டு சட்டப் பள்ளியின் ஆய்விதழுக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியலமைப்புச் சட்டம் நடத்திக்கொண்டிருந்தார். எண்பதுகளில் இதே சவுத் சைட்டின் தென்கோடியில் அடித்தட்டு மக்களோடு களப்பணி செய்திருக்கிறார். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல எதுவுமே இல்லை.

அப்படியானால் எங்கே சறுக்கியது? பிரச்சாரத்தில் நடந்த தவறுகளைப் பட்டியல் போடுவது எளிது, பலரும் போட்டிருக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. பிரச்சாரம் தொடங்குவதற்கு முன்னாலேயே, நிற்கலாம் என்று முடிவெடுத்த அந்தக் கணக்கிலேயே தோல்வி இருந்தது.

1999 பிப்ரவரியில் ரஷ் சிகாகோ மேயர் பதவிக்கு ரிச்சர்ட் டேலியை எதிர்த்து நின்றார். டேலிக்கு 72 சதவீதம், ரஷுக்கு 28. படுதோல்வி. இதைப் பார்த்து, ரஷின் செல்வாக்கு போய்விட்டது, ஆள் பலவீனமாகிவிட்டார், இதுதான் சமயம் என்று ஒபாமா நினைத்தார். அதே வருடம் செப்டம்பரில் போட்டியை அறிவித்துவிட்டார். அவர் மட்டுமல்ல, டான் டிராட்டர் என்ற இன்னொரு மாநில செனட்டரும் இதே மோப்பம் பிடித்துக் களத்தில் இறங்கினார்.

ஆனால் மேயர் தேர்தலில் ரஷுக்கு ஓட்டுப் போடாதவர்கள் சொன்னது என்ன? 'நீ மேயராக வேண்டாம், டேலியே இருக்கட்டும்' என்பது மட்டும்தான். 'எம்.பி. பதவியையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போ' என்று அவர்கள் சொல்லவில்லை. ஊர்த் தலைவர் தேர்தலில் தோற்ற பெரியவரை அவர் தெருக்காரர்களே கைவிட்டுவிட்டதாக நினைத்தால் எப்படி? சொல்லப்போனால், தோற்று வந்தவர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட இருக்கும். இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் மூல காரணம்.

சிட்டிங் எம்.பி.யை எதிர்க்கும் எவரும் முதல் நாளிலேயே பதில் வைத்திருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இருப்பவரை ஏன் எழுப்ப வேண்டும்? "நான் அவரைவிடத் திறமைசாலி" என்பது அதற்குப் பதில் ஆகாது. அது வேட்பாளருக்குத்தான் பதில். வாக்காளருக்கு அதில் என்ன இருக்கிறது? ரஷும் ஒபாமாவும் ஒரே ஜனநாயகக் கட்சி, பெரும்பாலான விஷயங்களில் ஒரே கொள்கை. புதியவர் வந்தால் அதே ஓட்டைத்தான் சபையில் போடப்போகிறார், இன்னும் அழகாகப் பேசிவிட்டுப் போடுவார். அதற்காக ஏழு வருடப் பழக்கத்தை யார் விடுவார்கள்?

இருப்பவரை எழுப்பவே முடியாது என்று சொல்லவில்லை. ரஷே அப்படி வந்தவர்தான். 1992 பிரைமரியில் அவர் தோற்கடித்தது சார்லஸ் ஹேய்ஸ் என்ற சிட்டிங் எம்.பி.யை. அந்தச் சமயத்தில்தான் காங்கிரஸ் உறுப்பினர்கள் பலர் சபையின் வங்கியில் கணக்கில் இல்லாத பணத்துக்குச் செக் எழுதியிருந்தது அம்பலமாகி, அந்தப் பட்டியலில் ஹேய்ஸ் பெயரும் வந்தது. வாக்காளருக்கு ஒரு காரணம் கிடைத்தது. 2018இல் நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், ஜோ கிராலி என்ற பெரும் புள்ளியை வீழ்த்தினார். தொகுதியின் மக்கள்தொகையே மாறிப்போயிருந்தது, எம்.பி.யோ அவர்கள் கண்ணில் அதிகம் படவில்லை. அங்கேயும் காரணம் இருந்தது. 2000இல் சவுத் சைட்டில் அப்படி எதுவும் இல்லை.

இதை ஒபாமா முன்னாலேயே தெரிந்துகொண்டிருக்கலாமே என்று தோன்றும். தெரிந்துகொள்ள அவருக்கு வாய்ப்பே அமையவில்லை என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1996இல் மாநில செனட்டுக்கு அவர் முதன்முதலாக நின்றபோது, எதிராளிகள் வேட்பு மனுவுக்காக வாக்காளர்களிடம் வாங்கியிருந்த கையெழுத்துகளை அவர் தரப்பினர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஆட்சேபம் எழுப்பினார்கள். அத்தனை பேரும் தகுதியிழந்து போட்டியிலிருந்து வெளியேறினார்கள். பிரைமரியில் தனியாளாக நின்று ஜெயித்தார். விதிமுறைப்படி சரியானதுதான், சிகாகோவில் வழக்கமாக நடப்பதும்தான். ஆனால், ஒரு வாக்காளர் இரண்டு பேரைத் தராசில் வைத்து இவர்தான் என்று தேர்ந்தெடுக்கும் அனுபவம் அவருக்குக் கிடைக்காமல் போயிற்று. முதல் வெற்றி அவ்வளவு எளிதாகக் கிடைத்துவிட்டால், அடுத்ததையும் அதே அளவுகோலால் அளக்கத் தோன்றுவது இயல்பு. உங்கள் நண்பர் இதற்கு முன் எதில் ஜெயித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. பள்ளி வாரியமோ சங்கத் தேர்தலோ எதுவாக இருந்தாலும், அங்கே எதிரே உண்மையிலேயே ஆள் இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

போட்டியை அறிவித்த பிறகுதான் ஒபாமா தரப்பு கருத்துக்கணிப்பு எடுத்தது. அதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். தொகுதியில் சுமார் 90 சதவீதம் பேருக்கு ரஷைத் தெரிந்திருந்தது. ஒபாமாவைத் தெரிந்தவர்கள் 11 சதவீதம். ரஷைப் பிடிக்கும் என்றவர்கள் 70 சதவீதம் அளவில், ஒபாமாவைப் பிடிக்கும் என்றவர்கள் 8. வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட பிறகு மண் பரிசோதனை செய்தது மாதிரி.

அந்த 70 சதவீதம் என்றால் என்ன என்பது எனக்கு ஒரு வாசற்படியில்தான் விளங்கியது. இது வேறு ஊர், வேறு வருடம். சிகாகோவின் புறநகர் ஒன்றில், சிட்டிங் எம்.பி.யை எதிர்த்து நின்ற ஒருவருக்காக நான் கதவு தட்டிக்கொண்டிருந்தேன். பிப்ரவரிக் குளிர். கையுறையைக் கழற்றினால்தான் பட்டியலில் டிக் போட முடியும், கழற்றினால் விரல் மரத்துப் போகும். எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மா கதவைத் திறந்தார். உள்ளே வந்து நில் என்று வாசல் நடைக்குள் கூப்பிட்டுக்கொண்டார். நான் நோட்டீசை நீட்டி, எங்கள் வேட்பாளரின் படிப்பு, மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "என் வீட்டுக்காரர் இறந்தபோது அவருடைய ராணுவ ஓய்வூதியம் எனக்கு வராமல் எட்டு மாதம் இழுத்தது. எம்.பி. ஆபீசில் இருந்த ஒரு பெண்தான் ஒவ்வொரு வாரமும் போன் பண்ணி முடித்துக் கொடுத்தாள். உங்கள் ஆள் நல்லவர் மாதிரிதான் தெரிகிறார். ஆனால் நான் எதற்கு மாற்ற வேண்டும்?"

என்னிடம் பதில் இல்லை. மறுபடியும் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பிரைமரியில் நாங்கள் பெரிய வித்தியாசத்தில் தோற்றோம். எம்.பி. அலுவலகம் என்பது ஓய்வூதியம், விசா, பாஸ்போர்ட், வரி பாக்கி என்று சாதாரண மக்களின் காகிதச் சிக்கல்களைத் தீர்த்து வைக்கும் இடமும்கூட. வருடக்கணக்கில் அப்படிச் சேர்த்து வைத்த நன்றியை ஆறு மாதப் பிரச்சாரத்தால் கலைத்துவிட முடியாது. இது தெரியாமல்தான் படித்தவர்கள் பலர் களத்தில் குதிக்கிறார்கள்.

சரி, ஒபாமா கதைக்குத் திரும்புவோம். அடித்தளமே பலவீனமாக இருக்கும்போது வரும் ஒவ்வொரு அடியும் இரட்டிப்பாக விழும். 1999 அக்டோபரில் ரஷின் 29 வயது மகன் சிகாகோவில் சுடப்பட்டு, சில நாளில் இறந்துபோனார். ஊரே துக்கத்தில் இருந்தது. மகனைப் பறிகொடுத்த தகப்பனை எதிர்த்து என்ன பேச முடியும்? பிரச்சாரத்தை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. நிறுத்தியதுதான் மனிதத்தன்மை. ஆனால் பெயரே தெரியாத வேட்பாளருக்குப் பறிபோன ஒவ்வொரு வாரமும் திரும்பக் கிடைக்காதது.

அடுத்து டிசம்பர். துப்பாக்கிக் கட்டுப்பாடு சம்பந்தமான ஒரு சட்டத்துக்காக ஆளுநர் ஜார்ஜ் ரயன் சட்டமன்றத்தைச் சிறப்புக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார். ஒபாமா குடும்பத்தோடு ஹவாயில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தார். வருடத்துக்கு ஒரு முறை போவது வழக்கம். வாக்கெடுப்புக்கு உடனே திரும்ப வேண்டிய நேரத்தில், ஒன்றரை வயது மகள் மாலியாவுக்கு உடம்பு சரியில்லை. அவர் தங்கிவிட்டார். மசோதா ஒரு சில வாக்குகளில் தோற்றது. அவர் எழுதியபடியே சொன்னால், இரவு முழுக்கப் பறந்து ஓஹேர் விமான நிலையத்தில் இறங்குகிறார். கையில் குழந்தை. மனைவி மிஷேல் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிரே சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையின் முதல் பக்கத்தில், மசோதா தோற்றதும், வேட்பாளர் ஒபாமா ஹவாயில் விடுமுறையில் இருந்துவிட்டதும் செய்தியாக வந்திருக்கிறது.

எதிராளியின் மகன் துப்பாக்கிக்குப் பலியான இரண்டே மாதத்தில், துப்பாக்கிச் சட்ட வாக்கெடுப்பன்று கடற்கரை ஊரில் இருந்தார் என்ற பெயர். குழந்தைக்குக் காய்ச்சல் என்பதை எத்தனை பேரிடம் போய் விளக்க முடியும்? பெற்றவன் என்ற முறையில் அவர் செய்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மக்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒருவர் அப்படி வராமல் போயிருந்தால், 'என்ன சிரமமோ, பாவம்' என்று அவர்களே காரணம் கண்டுபிடித்திருப்பார்கள். தெரியாத ஆளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவரைப் பற்றி அவர்கள் கேள்விப்படும் முதல் செய்தியே அவருடைய முழு ஜாதகம் ஆகிவிடுகிறது.

மூன்றாவது, பேச்சு. அன்றைய ஒபாமாவின் பேச்சு நாம் பின்னாளில் கேட்ட பேச்சு அல்ல. வகுப்பெடுக்கும் தோரணை. கேள்வி கேட்டால் இரண்டு பக்க நியாயத்தையும் அலசிவிட்டு முடிவுக்கு வருவார். ரஷ் இதை லாவகமாகப் பயன்படுத்திக்கொண்டார். ஹார்வர்டுக்குப் போய்ப் படித்த முட்டாளாகத் திரும்பி வந்திருக்கிறார், கிழக்குக் கடற்கரைப் பட்டங்களெல்லாம் எங்களை அசைக்காது என்கிற தொனியில் பேசினார். ஹைட் பார்க் என்ற பல்கலைக்கழகப் பகுதியின் ஆள், நம் ஆள் அல்ல, யாரோ பின்னாலிருந்து அனுப்பியவர் என்ற பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சு நியாயமற்றது. ஒபாமா அங்கே ஏழைக் குடியிருப்புகளில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர். ஆனால் நியாயமற்ற பேச்சு ஒட்டிக்கொண்டது என்றால், ஒட்டிக்கொள்ள அங்கே இடம் இருந்தது என்றும் அர்த்தம்.

இந்த ஊரின் மூத்த அரசியல்வாதி ஆப்னர் மிக்வா அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர். கறுப்பினத் தேவாலயங்களில் போதகர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனி என்று ஒபாமாவிடம் சொன்னதாக இங்கே சொல்வார்கள். எதை எந்த வேகத்தில் சொல்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள், கூட்டம் பதில் குரல் கொடுக்க எப்படி இடம் விடுகிறார்கள் என்பது பள்ளியில் சொல்லித் தருவதல்ல. தோற்ற பிறகு ஒபாமா அதை உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

கடைசியில் அதிபர் பில் கிளிண்டனே ரஷுக்காக வானொலி விளம்பரத்தில் பேசினார். சவுத் சைட்டில் அன்றைக்குக் கிளிண்டனுக்கு இருந்த மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 21, 2000. ரஷுக்கு 61 சதவீதம், ஏறக்குறைய 60,000 வாக்குகள். ஒபாமாவுக்கு 30 சதவீதம், 30,000க்குக் கொஞ்சம் குறைவு. டிராட்டருக்கு 7. ஆதரவாளர்கள் கூடியிருந்த இடத்துக்கு ஒபாமா போய்ச் சேருவதற்கு முன்பே தொலைக்காட்சியில் ரஷ் வெற்றி என்று சொல்லிவிட்டார்கள்.

தோல்வியின் செலவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைய விதிப்படி ஒரு தனிநபர் ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர்தான் கொடுக்கலாம். அப்படியென்றால் லட்சக்கணக்கில் சேர்க்க எத்தனை பேருக்குப் போன் போட வேண்டும் என்று பாருங்கள். வக்கீல் வேலையைப் பாதி விட்டுவிட்டுத்தான் அதைச் செய்ய முடியும். அதே வருடம் ஆகஸ்டில் கட்சி மாநாட்டுக்காக ஒபாமா லாஸ் ஏஞ்சலஸ் போனார். விமான நிலையத்தில் வாடகைக் காருக்குக் கிரெடிட் கார்டை நீட்டுகிறார், கவுண்டரில் இருந்தவர் கார்டு நிராகரிக்கப்பட்டுவிட்டது என்கிறார். போனில் பேசிச் சரிசெய்த பிறகுதான் கார் கிடைத்தது. மாநாட்டு அரங்கின் உள்ளே போக அவருக்கு அனுமதிச் சீட்டும் இல்லை. வெளியே இருந்த திரைகளில் பார்த்துவிட்டு, மாநாடு முடியும் முன்னே ஊர் திரும்பிவிட்டார். தோல்வி என்றால் இதுவும்தான். உங்கள் நண்பர் வீட்டிலும் இப்போது ஒரு கிரெடிட் கார்டு பில்லும் ஒரு மௌனமும் இருக்கும். தயவுசெய்து அதை மதித்துப் பேசுங்கள்.

அப்புறம் ஒபாமா என்ன செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மறுபடியும் ரஷோடு மோதி வஞ்சம் தீர்க்கப் போகவில்லை. வாக்குகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், ஹைட் பார்க்கிலும் வெள்ளையர் அதிகமாக வாழும் பகுதிகளிலும் அவர் நன்றாகவே வாங்கியிருந்தார். கறுப்பினத்தவர் பகுதிகளில் ரஷ் அடித்துத் தள்ளியிருந்தார். இதைத் தோல்வியாக மட்டும் படிக்கலாம். வேறு மாதிரியும் படிக்கலாம்: கலவையான வாக்காளர்கள் இருக்கும் பெரிய களத்துக்கு இவர் பொருத்தமானவர். 2001இல் மாநிலத் தொகுதிகளின் எல்லைகளைத் திருத்தியபோது, அவருடைய மாநில செனட் தொகுதி ஏரிக்கரையை ஒட்டி வடக்கே நீண்டு, நகரத்தின் பணக்காரப் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டது. அந்த வரைபடத்தை வரைவதில் அவரும் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த களம் 2004இல் வந்தது, இந்த முறை காங்கிரசின் மேலவையான அமெரிக்க செனட்டில், மாநிலம் முழுமைக்குமான இடம். இருந்த குடியரசுக் கட்சி செனட்டர் பீட்டர் பிட்ஸ்ஜெரால்டு மறுபடி நிற்கவில்லை. எழுப்ப வேண்டியவர் யாருமே இல்லை, நாற்காலி காலி. என்னைக் கேட்டால் 2000க்கும் 2004க்கும் இடையில் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். பேச்சு மேம்பட்டது, பிரச்சாரக் குழு மேம்பட்டது, எல்லாம் உண்மை. ஆனாலும் காலி நாற்காலி என்பது தனி விஷயம். பிரைமரியில் ஏழு பேர். கோடீஸ்வரர் பிளேர் ஹல் சொந்தப் பணத்தைக் கோடிக்கணக்கில் கொட்டினார். ரஷ் ஆதரித்ததும் அந்த ஹல்லைத்தான். ஒபாமா கையில் இருந்த பணத்தைச் சிதறவிடாமல், கடைசி வாரங்களில் தொலைக்காட்சி விளம்பரத்தில் போட்டார். ஏழு பேர் நின்ற களத்தில் 53 சதவீதம் வாங்கினார். நான்கு வருடம் முன்பு அவரை வேண்டாம் என்ற சவுத் சைட் இப்போது அள்ளிக் கொடுத்தது. அதே மக்கள்தான், அதே ஒபாமாதான். அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விதான் வேறு.

இல்லினாய்ஸ் அரசியலில் இது ஒருவர் கதை மட்டும் அல்ல. மிக்வாவே 1966இல் காங்கிரஸ் பிரைமரியில் எண்பதைத் தாண்டிய பாரட் ஒஹாராவிடம் தோற்றவர். இரண்டு வருடம் கழித்து அதே தொகுதியில் ஜெயித்தார். பிறகு தொகுதி எல்லை மாறியதும் வேறு தொகுதிக்குப் போய், 1972இல் தோற்று 1974இல் ஜெயித்தார். ஈராக் போரில் இரண்டு கால்களையும் இழந்த டாமி டக்வொர்த், 2006இல் காங்கிரசுக்கு நின்று 5,000க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். அதுவும் காலி இடம்தான், ஆனால் எதிர்க்கட்சியின் கோட்டை.

நம்மவர் ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். ராஜா கிருஷ்ணமூர்த்தி, தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, டெல்லியில் பிறந்து இல்லினாய்ஸின் பியோரியாவில் வளர்ந்தவர். ஒபாமாவின் 2000 பிரச்சாரத்தில் உதவியவர், 2004 பிரச்சாரத்தில் கொள்கை விஷயங்களைக் கவனித்தவர். அந்தத் தோல்வியையும் அந்த வெற்றியையும் உள்ளே இருந்து பார்த்தவர் என்று அர்த்தம். 2010இல் அவரே மாநிலக் கணக்காயர் பதவிக்கான பிரைமரியில் நின்று மயிரிழையில் தோற்றார். 2012இல் காங்கிரசின் எட்டாவது தொகுதிப் பிரைமரியில் நின்றார். எதிரே வந்தது அதே டக்வொர்த். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு அவருக்குப் போனது. இரண்டு வருடத்தில் இரண்டு தோல்வி, இரண்டாவது பெரிய தோல்வி. அவர் டக்வொர்த்தோடு மறுபடி மோதவில்லை. நான்கு வருடம் காத்திருந்தார். 2016இல் டக்வொர்த் செனட்டுக்குப் போட்டியிடப் போனதும் எட்டாவது தொகுதி காலியானது. அதில் நின்று ஜெயித்தார்.

இந்த இடத்தில் உங்களை எச்சரிக்கவும் வேண்டும். நான் சொன்னவர்கள் எல்லாரும் பிறகு ஜெயித்தவர்கள், அதனால்தான் பெயர் தெரிகிறது. ஒரு முறை தோற்று, கடனைக் கட்டிவிட்டு, வேலைக்குத் திரும்பிப் போனவர்கள் இவர்களைவிடப் பல மடங்கு. அவர்களில் நல்லவர்களும் கெட்டிக்காரர்களும் ஏராளம். நான் கதவு தட்டிய அந்த வேட்பாளர் பிறகு எதிலும் நிற்கவில்லை. அவரைத் தோல்வியாளர் என்று நான் நினைப்பதும் இல்லை. எனவே 'ஒபாமாவும் தோற்றார்' என்பதற்கு 'நீயும் ஜெயிப்பாய்' என்று அர்த்தம் கிடையாது. அவரவர் கணக்கை அவரவர்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். தேர்தல் அலுவலகம் வாக்குச்சாவடி வாரியாக முடிவை வெளியிட்டிருக்கும். அதை எடுத்து ஒரு வரைபடத்தில் வண்ணம் போடச் சொல்லுங்கள். எங்கே 40 சதவீதத்தைத் தாண்டினார், எங்கே 15க்குக் கீழே போனார்? தாண்டிய இடங்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது? அவர் வீடு வீடாகப் போன தெருக்களும் போகாத தெருக்களும் ஒரே மாதிரி வாக்களித்திருந்தால், கதவு தட்டியதில் எந்த வித்தியாசமும் ஏற்படவில்லை என்று பொருள். போன இடங்களில் மட்டும் வாக்கு கூடியிருந்தால், அவருக்குத் தேவைப்பட்டது இன்னும் இரண்டு வருடம். அதற்குப் பிறகு, 15க்குக் கீழே போன இடங்களுக்கு இப்போதே, ஓட்டுக் கேட்காத இந்த நாட்களில், போய் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். எதற்காக எனக்கு ஓட்டுப் போடவில்லை என்று கேட்க வேண்டாம், தற்காத்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். எம்.பி. உங்களுக்கு என்ன செய்திருக்கிறார் என்று கேட்கட்டும். அந்தப் பதில்கள் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய வந்தால், இந்த நாற்காலி இப்போதைக்கு அவருக்கில்லை. மாநில சட்டமன்றமோ கவுண்டி வாரியமோ, காலியாகப் போகிற இடம் எது என்று பார்க்கலாம். பதில் வராமல் மௌனமாக இருந்தால், அவரிடம் ஒரு காரணம் இருக்கிறது, இந்த முறை அதைச் சொல்லத்தான் தெரியவில்லை.

கடன் விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பாக்கி இருக்கும்வரை பிரச்சாரக் கமிட்டியை மூட முடியாது, கணக்கும் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும். சின்ன அச்சகக்காரர், பீட்சா கடைக்காரர் பாக்கியை முதலில் தீர்க்கட்டும். ஊரில் அவர்கள்தான் பேசுவார்கள். தன்னார்வலர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் பண்ணி நன்றி சொல்லட்டும். நான் வேலை செய்த ஒரு பிரச்சாரத்தில் தோற்ற மறுநாள் காலை வேட்பாளரிடமிருந்து எனக்கு இரண்டு நிமிட அழைப்பு வந்தது, அந்த இரண்டு நிமிடம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஜெயித்தவருக்கு உங்கள் நண்பர் இன்னும் வாழ்த்துச் சொல்லவில்லை என்றால், இன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள்.